நிலாவில் நீரோட்டம் பார்ப்பவர்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கமும், அடுக்ககத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பரவியிருக்கும் ஓர் உயிரினத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். வண்டலூர்ப் பூங்காவில் இதற்குக் கூண்டு கிடையாது. தேவையும் இல்லை, தானாகவே வந்து நம் முன்னால் நிற்கும். காலை நடையை முடித்துக்கொண்டு, பால் பாக்கெட்டும் கையுமாக லிஃப்ட் வாசலில் காத்திருந்து, உங்கள் தலையைக் கண்டதும், "பாத்தீங்களா சார், நேத்து ரோவர் முப்பது மீட்டர் போயிருக்கு" என்று ஆரம்பிக்கும். எந்த ரோவர், எந்தக் கிரகம், எதற்காகப் போனது என்றெல்லாம் நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அது சொல்லி முடிப்பதற்குள் உங்கள் கையில் இருக்கும் பால் திரிந்துவிடும்.

இந்த உயிரினத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், நிலாவில் நீரோட்டம் பார்ப்பவர்.

பெயர்க் காரணம் சொல்கிறேன். கிணறு தோண்டுவதற்கு முன்னால் ஒருவர் வருவார் இல்லையா, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனையை ஒரு சுற்று சுற்றி, தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிறவர், அவரை நீரோட்டம் பார்ப்பவர் என்போம். அவருக்காவது ஒரு தேங்காய் வேண்டும். நம்மவருக்கு ஒரு செல்போனும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போதும். நிலாவின் தென் துருவத்தில், வெயிலே எட்டிப் பார்க்காத பள்ளங்களில் பனிக்கட்டி உறைந்து கிடப்பதும், அதை வெட்டி உருக்கினால் குடிக்கத் தண்ணீர், பிரித்தால் மூச்சுக்கு ஆக்சிஜன், மிச்சமிருப்பது ராக்கெட்டுக்கு எரிபொருள் என்பதும், அங்கிருந்து கிளம்பினால் செவ்வாய்க்குப் போகிற வழியில் எங்கெங்கே நிறுத்தலாம் என்பதும், எல்லாமே இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து அவருக்குத் தெரியும். கீழே தரையடித் தொட்டியில், அதாவது சம்ப்பில், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

இவர்களை அடையாளம் கண்டுகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ரோவர் பத்திரமாக இறங்கி உருண்டால், "நாம இறங்கிட்டோம்" என்பார்கள். கவிழ்ந்தாலோ, சிக்னல் அறுந்தாலோ, "அவங்க கோட்டை விட்டுட்டாங்க" என்பார்கள். அந்த 'நாம' எந்த நிமிஷத்தில் 'அவங்க' ஆனது என்று கண்டுபிடிக்க எந்தத் தொலைநோக்கியாலும் முடியாது. இன்னொரு அடையாளம், மேலே ஓர் ஆள் இருப்பது. எங்கள் அடுக்ககத்துச் சூர்யநாராயணன் சாருக்கு, அவருடைய மைத்துனரோடு தினமும் ஒரே ரயிலில் போய்வந்தவரின் மகள் விண்வெளித் துறையில் இருக்கிறாள். "உள்ளேர்ந்து வர்ற நியூஸ் சார், வெளில சொல்லாதீங்க" என்று அவர் சொல்லாத ஆளே எங்கள் தெருவில் பாக்கி இல்லை. அந்தப் பெண்ணுக்கு அங்கே சம்பளப் பட்டியல் போடுகிற வேலை என்று பிற்பாடு தெரிந்தது. இருந்தால் என்ன? உள்ளே என்றால் உள்ளேதானே.

சூர்யநாராயணன் சாரை இன்னும் சரியாக அறிமுகம் செய்யவில்லை. பெயரில் சூரியன், பேச்சில் சந்திரன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து நிற்பார், வந்து நின்று செவ்வாய்க் கிரகத்தின் வெப்பநிலையைச் சொல்வார். அவர் பெண்டாட்டி ஞானாம்பாள் மாமி. அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவருக்கு, வேற்றுக் கிரகவாசி வந்து இறங்கினாலும் காப்பி கலந்து கொடுத்துச் சமாளித்துவிடும் பக்குவம் வந்திருக்கிறது.

நம்முடைய ரோவர் நிலாவில் இறங்கிய அன்று அவர் வீட்டில்தான் எங்கள் எல்லோருக்கும் டிவி. சக்கரம் சரிவுப் பலகையில் உருண்டு வரும்போது சார் எழுந்து நின்று, கையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, "வாங்க வாங்க வாங்க... லெஃப்ட் ஒடிங்க... வாங்க வாங்க" என்று வழி சொன்னார். கீழே பார்க்கிங்கில் யார் கார் எடுத்தாலும் அவர் வழி சொல்கிற முறை அதுதான். அதில் "போதும்" என்ற சொல் எப்போதும் டமால் என்ற சத்தத்துக்குப் பிறகுதான் வரும். எங்கள் சங்கத் தலைவர் அசரியா சாரின் கார் பம்பரைப் போய்ப் பாருங்கள், தெரியும். நிலாவில் தூண் எதுவும் இல்லாததால் அன்று ரோவர் தப்பித்தது.

இறங்கிய மறுநாளே அவர் சுரங்கத் தொழிலுக்கு வந்துவிட்டார். ஏதோ ஒரு சிறுகோள், முழுக்க இரும்பும் நிக்கலுமாம். ஓட்டை போடவே வேண்டாமாம், அள்ள வேண்டியதுதானாம். நிலா மண்ணில் ஹீலியம் மூன்று என்று ஒன்று இருக்கிறதாம், ஒரு லோடு வந்து இறங்கினால் ஊருக்கே கரண்டாம். லோடு என்றுதான் சொல்வார். ஜல்லி லாரியும் தண்ணி லாரியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு விண்வெளியும் லோடு கணக்கில்தானே தெரியும்? அப்படி அவர் அளந்துகொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவர், பட்டா யார் பேரில் என்று கேட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் வைகுண்டத்தையே காட்டினாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

சூர்யநாராயணன் சாருக்கு மூக்கு விடைத்தது. "நிலா யாருக்கும் சொந்தமில்லை சார். மனித குலத்துக்கே பொது. சர்வதேச உடன்படிக்கை இருக்கு. பொது இடத்துல தண்ணி இருந்தா, எடுக்காதேன்னு சொல்ல எவனுக்கும் ரைட் கிடையாது" என்றார்.

இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும்.

இப்போது எங்கள் அடுக்ககம். பெருங்களத்தூரில் பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் லேக் வியூ. ஏரி எங்கே என்று வருகிற விருந்தாளிகள் எல்லோரும் மொட்டை மாடியில் ஏறித் தேடுவார்கள். ஏரி இருந்த இடத்தில்தான் அடுக்ககம் நிற்கிறது. அதன் முதுகில் ஏறி நின்றுகொண்டு அதை எப்படிப் பார்ப்பது? ஏரியின் மேல் வீடு கட்டிய எங்களுக்குச் சித்திரை பிறந்தால் தண்ணீர் இருக்காது என்பதை யாரும் வேடிக்கையாக நினைப்பதில்லை. இந்தப் பக்கம் பூராவும் அப்படித்தான்.

இந்த வருஷம் போர்வெல் ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டது. மோட்டாரைப் போட்டால் குழாய் செருமும், கொஞ்சம் துருவைத் துப்பும், அவ்வளவுதான். லாரித் தண்ணீரைச் சம்ப்பில் இறக்கி, அங்கிருந்து மோட்டாரால் மேலே தொட்டிக்கு ஏற்றி, ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று திறந்துவிட்டு ஓட்டினோம். மாடியில் இருக்கிறவர்களுக்கு இது எரிச்சல். கீழ்த்தளத்து ஜோசலினுக்கு இது பிழைப்பு. அவர் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். அம்மாக்களும் அப்பாக்களும் அலுவலகப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் பிள்ளைகளை அவர் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். குழந்தை என்றால் தண்ணீர்தான். கை கழுவ, கால் கழுவ, தட்டு கழுவ, மற்றதையும் கழுவ. சம்ப்பின் மேல் பொருத்தியிருந்த பழைய அடிபம்பில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் அடித்துக்கொண்டே இருப்பார்.

சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு அவர் எழுந்தார். "ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள தண்ணி வரலைன்னா நான் மூடிடறேன் சார். மிரட்டறதுக்காகச் சொல்லலை. தண்ணி இல்லாம ஊரார் பிள்ளைங்களை வாங்கி வச்சுக்க முடியாது" என்றார். அவருக்கு அந்த வருமானத்தைத் தவிர வேறு வழி இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். புது போர் போடுவது என்று முடிவானது. சங்கத்தின் கையிருப்பு ஒரே ஒரு போருக்குத்தான் காணும். தப்பான இடத்தில் போட்டால் போட்டதுதான்.

நிலத்தடி நீர் பார்க்கும் ஆய்வாளர் ஒருவரை வரவழைத்தோம். தேங்காய்க்காரர் இல்லை, படித்தவர். மண் தெரிந்த இடங்களிலெல்லாம் கம்பியைக் குத்தி, மின்சாரத்தை விட்டு, ஒரு பெட்டியைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார். கடைசியில் ஓரிடத்தில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டார். போடுவதற்கு முன்னால் அங்கே நின்றிருந்த காரின் உறையைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது. அது சூர்யநாராயணன் சாரின் கார். அந்தக் கார் கடைசியாக எப்போது ஓடியது என்று ஞானாம்பாள் மாமிக்கே ஞாபகம் இல்லை. உறைக்குள் பூனைகள் இரண்டு தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகின்றன.

மனித குலத்துக்கே பொது என்றாரே, எடுக்காதே என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை என்றாரே? அதெல்லாம் நிலாவுக்கு. இது பத்திரத்தில் பதிவான கார் பார்க்கிங். நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற இடத்தை உலகத்துக்கே தாரை வார்க்க அவருக்கு ஒரு நொடி போதும். நான்கு எட்டு வைத்தால் வருகிற இடத்தைக் கேட்டால் கிரயப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவருகிறார்.

ஆனால் கார் பார்க்கிங்கைத் தர மாட்டேன் என்று அவர் வாய்விட்டுச் சொன்னாரா? சொல்ல மாட்டார், இந்த இனமே சொல்லாது. ஆய்வாளர் கையாண்ட முறை பழசாகிவிட்டது என்றார். இப்போது உலகம் பூராவும் முதலில் ரோவரை விட்டு ஆராய்கிறார்கள், பிறகுதான் தோண்டுகிறார்கள் என்றார். நாமும் ஏன் ஒரு ரோவர் விட்டுப் பார்க்கக் கூடாது என்றார். கூட்டம் சிரித்தது. ஆனால் அசரியா சார் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டை வரும்போல் இருந்தால் மணியடித்து வகுப்பைக் கலைத்துவிடுகிற சுபாவம். ஒரு வாய்ப்பு கொடுப்போம், ஆனால் ரோவர் முதலில் சிவப்புக் குறியில் சோதித்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டுக் கூட்டத்தை முடித்தார்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் சிவகுமார், சூர்யநாராயணன் சாருக்குப் பழைய சிநேகிதர். சார் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, சிவகுமாரின் வேலையைக் கெடுத்து, ஒரு ரோவரைச் செய்துகொண்டு வந்துவிட்டார். ஆறு சக்கரம், ஆறும் பழைய சூட்கேஸ் சக்கரம். பொம்மைக் கார் மோட்டார். முன்னால் ஒரு குச்சி; பூந்தொட்டியில் குத்தி ஈரம் பார்ப்பார்களே, அது. ஈரம் பட்டால் பீப் என்று கத்தும். உடம்பைச் சுற்றி யாரோ கல்யாணப் பரிசு கட்டிய தங்கநிறக் காகிதம். அதை ஆடாமல் அசையாமல் மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

போர் லாரி வந்தது. திருச்செங்கோட்டு வண்டி. பொறுப்பாளர் ஏகநாதன். அவருக்கு மத்தியானம் படப்பையில் அடுத்த வேலை, அதற்குள் இங்கே ஆரம்பித்தாக வேண்டும். திருச்செங்கோடு என்று காதில் விழுந்ததும் சூர்யநாராயணன் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாமக்கல் பக்கத்துப் பாறை நிலா மண்ணைப் போலவே இருக்கிறது, அதைப் பொடித்துப் பரப்பித்தான் நம் ரோவரை ஓட்டிப் பழக்கினார்கள், ஆகவே நீங்கள் நிலாவுக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்று கண் கலங்கச் சொன்னார். ஏகநாதன் கையை விடுவித்துக்கொண்டு, "ஏனுங்க, அந்தப் பாறைல தொளை போடற பிட்டு எத்தனை தேஞ்சு போச்சுங்கறீங்க. சரிங்க, எங்க போடறதுன்னு காட்டுங்க. காட்டற இடத்துல போடறதுதாங்க நம்ம வேலை, தண்ணி வர்றது உங்க ராசி" என்றார்.

இங்கே ஒரு சின்ன விஷயம். எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவது முறை வைத்து, வாரத்துக்கு ஒரு வீடு. அந்த வாரம் சூர்யநாராயணன் சாரின் முறை. முந்தின நாள் சாயங்காலம்தான் லாரித் தண்ணீர் வந்து சம்ப் நிறைந்திருந்தது. அன்று காலை ரோவரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கும்போதே ஸ்விட்சைத் தட்டிவிட்டுத்தான் வந்தார். போடுவதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

முதலில் பூஜை. கூட்டத்தில் தேங்காய்க்காரரைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டபோது, இந்தக் காலத்தில் தேங்காயா என்று எரிந்து விழுந்தவர், ரோவருக்கு முன்னால் ஒரு தேங்காயை உடைத்தார். சூடம் காட்டினார். தங்கக் காகிதத்தின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அசரியா சாரும் விட்டுக்கொடுக்காமல் கண்ணை மூடி ஒரு சிறு ஜெபம் செய்தார். பிறகு, புது வண்டி என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எடுக்கலாமா? ஆறு சக்கரத்துக்கும் ஆறு எலுமிச்சம்பழம். அதன் பிறகு உரை. பனிக்கட்டியில் ஆரம்பித்து, ஹீலியம் வழியாகச் சிறுகோளுக்குப் போய், அங்கிருந்து அவர் பெருங்களத்தூருக்குத் திரும்பி வர வெகுநேரம் ஆனது. ஏகநாதன் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மோட்டார் சமத்தாக ஓடிக்கொண்டிருந்தது.

ரோவரை முடுக்கினார். நகரவில்லை.

லாரி ஏறினால் எலுமிச்சம்பழம் நசுங்கும். இது சூட்கேஸ் சக்கரம். பழத்தின் மேல் ஏறப் பார்க்கும், முடியாமல் நடுங்கும், மறுபடி ஏறப் பார்க்கும். கடைசியில் சார் காலால் லேசாக ஓர் உந்து உந்தினார். நிலாவில் இதற்கு ஆள் கிடைக்காது. ஐந்து பழம் உருண்டு போயின. ஆறாவது பழம் இடப்பக்கத்து நடுச் சக்கரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சக்கரங்களைச் சுற்ற விடாமல் பிடித்துக்கொண்டது. சிவப்புக் குறியை நோக்கிப் போக வேண்டிய ரோவர் இடப்பக்கமாக ஒடித்து, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடையைக் கட்டியது. "பாத்தீங்களா, தானா சென்ஸ் பண்ணித் திரும்புது" என்றார் அவர். நிபந்தனையை அசரியா சார் ஞாபகப்படுத்துவதற்குள் கூட்டம் ரோவருக்குப் பின்னால் போய்விட்டது. சாமி புறப்பாட்டில் யாராவது குறுக்கே நின்று நிபந்தனை பேசுவார்களா?

பின்மூலைக்குப் போனதும் அது கத்தியது. பீப், பீப், பீப். தரை ஈரம். சும்மா ஈரம் இல்லை, காலை வைத்தால் சொதசொத என்று உள்ளே வாங்குகிற ஈரம். சித்திரை வெயிலில், ஊரே காய்ந்து கிடக்கும்போது, எங்கள் அடுக்ககத்தின் பின்மூலையில் பூமி கசிந்துகொண்டிருந்தது. சூர்யநாராயணன் சார் மண்டியிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி மூக்கருகில் கொண்டுபோனார். "ஏரி சார். கீழே ஏரி அப்படியே இருக்கு" என்றார். எங்களுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. லேக் வியூ என்று பெயர் வைத்த பில்டரைக்கூட அந்த நிமிஷத்தில் மன்னித்தோம். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

லாரியைப் பின்மூலைக்குக் கொண்டுவர அவரே வழி சொன்னார். வாங்க வாங்க வாங்க, டமால், போதும். போனது ஒரு பூந்தொட்டி மட்டும்தான். ஏகநாதனின் ஆட்கள் கம்பத்தை நிமிர்த்தி, பிட்டை மாட்டி, எஞ்சினை முடுக்கினார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாத சத்தம். ஏகநாதன் லிவரில் கை வைத்துவிட்டார்.

அப்போது ஜோசலின் வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் உடம்பில் துணி இல்லை, தலையிலிருந்து கால் வரை சோப்பு. ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். பிறகு பேசாமல் நேரே நடந்துபோய்ப் பிட்டுக்குக் கீழே, அந்தச் சொதசொதப்பில் நின்றுகொண்டார். ஏகநாதன் பதறி எஞ்சினை அணைத்தார்.

சத்தம் நின்றதும் வேறொரு சத்தம் கேட்டது. முன்பக்கத்தில் எங்கள் மோட்டார், தண்ணீர் இல்லாமல் காற்றைக் குடித்துக்கொண்டு ஊளையிட்டது.

"அடிபம்புல காத்துதான் வருது" என்றார் ஜோசலின். "நேத்து சாயங்காலம்தானே லாரி வந்துது. இந்த வாரம் மோட்டார் டியூட்டி யாரு சார்?"

அசரியா சாரின் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவரைப் பார்த்து நாங்களும் நிமிர்ந்தோம். எங்கள் தலைக்கு நேர் மேலே, மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் வழிவதற்காக வைத்த குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் தண்ணீரைச் சுவரோடு ஒட்டி இறக்கி முடித்து, கடைசிச் சொட்டுகளை விட்டுக்கொண்டிருந்தது. ஒரு சம்ப்பு நிறைய, ஊரெல்லாம் கெஞ்சி வாங்கிய லாரித் தண்ணீர், மேலே ஏறி, வழிந்து, கீழே இறங்கி, பூமியில் ஊறி, ரோவரால் கண்டுபிடிக்கப்பட்டு, எங்களால் கைதட்டப்பட்டிருந்தது.

இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து ஞானாம்பாள் மாமியின் தலை எட்டிப் பார்த்தது. "மோட்டாரைப் போட்டுட்டுத்தானே எறங்கினேள்? அணைச்சேளோ?" என்றது.

அசரியா சார் கைக்குட்டையை எடுத்து வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில், "சார், கார் சாவி" என்றார்.

சூர்யநாராயணன் சார் உடனே கொடுத்துவிடவில்லை. இனம் அப்படி. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தொடங்கினார். ஈரப்பதத்தில் இரண்டு வகை உண்டு, மேல் ஈரம் வேறு, அடி ஈரம் வேறு, நிலாவிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது, அங்கே தென் துருவத்தில் எடுத்த அளவுகளில்கூட என்று அடுத்த கட்டத்துக்குப் போனார். சோப்பு காய்ந்து குழந்தை சிணுங்கத் தொடங்கியது.

"நிலாவுல தண்ணி இருக்கட்டும் சார்" என்றார் ஜோசலின், குரலை உயர்த்தாமல். "இவன் கண்ணுல சோப்பு இருக்கு."

சூர்யநாராயணன் சாரின் வாய் மூடியது. நிலாவில் ரோவர் இறங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு அமைதியை நாங்கள் கேட்டதில்லை. குழந்தையைப் பார்த்தார், மேலே குழாயைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையில் கையை விட்டார். எனக்கு அவர்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமி அதற்குள் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, அங்கேயே நின்றபடி குழந்தையின் தலையில் மெல்ல ஊற்றினார்.

சாவி வந்ததே தவிரக் கார் கிளம்பவில்லை. பூனைகளை வெளியேற்றி, உறையை உரித்து, நாங்கள் எல்லோரும் பின்னாலிருந்து தள்ளினோம். அவர் முன்னால் நின்று வழி சொல்ல வாயெடுத்தபோது அத்தனை பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். சிவப்புக் குறியில் பிட் இறங்கியது. முதலில் மண், பிறகு பாறை, பிறகு புழுதி. சாம்பல் நிறப் புழுதி எழுந்து, காரிலும் செடியிலும் அசரியா சாரின் தலையிலும் படிந்து, கொஞ்ச நேரத்தில் எங்கள் வளாகமே சூர்யநாராயணன் சார் எங்கள் செல்போனுக்கு அனுப்புகிற நிலாப் படங்களைப் போல ஆகிவிட்டது. ஜோசலின் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் குழாயாகக் கோத்து இறக்கிக்கொண்டே போனார்கள். ஏகநாதன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. படப்பைக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

பிறகு புழுதி நின்று சேறு வந்தது. சேற்றுக்குப் பின்னால் தண்ணீர். பீறிட்டெல்லாம் வரவில்லை, கலங்கலாக, சிக்கனமாக, ஆனால் நிற்காமல் வந்தது. ஏகநாதன் கையில் ஏந்திப் பார்த்து, "போதுமுங்க, புள்ளைங்களுக்குக் காணும்" என்றார். ஜோசலின் எழுந்துபோய் ஒரு வாளியை நீட்டிப் பிடித்துக்கொண்டார். நிரம்பிய பிறகும் வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

ஜூன் மாதம் ஸ்கூல் திறந்தது, காப்பகம் மூடவில்லை. ரோவர் இப்போது அங்கேதான் இருக்கிறது. தங்கக் காகிதத்தைக் குழந்தைகள் கிழித்தாகிவிட்டது, மத்தியானத்தில் பிஸ்கட் தட்டை அதன் மேல் வைத்து ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்பிக்கொள்கிறார்கள். அது செய்த உருப்படியான வேலை அதுதான்.

சூர்யநாராயணன் சார் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நல்ல கதை. அடுத்த வாரமே லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார். பின்மூலையில் இல்லை என்று ரோவர் உறுதி செய்ததால்தானே முன்பக்கம் போட்டோம், இல்லாத இடத்தை நிரூபிப்பதும் விஞ்ஞானத்தில் ஒரு சாதனைதான் என்றார். "நாம தண்ணி கண்டுபிடிச்சோம் சார்" என்றார். அந்த வழிந்த குழாய்? "அதை அவங்க அங்க வச்சிருக்கக் கூடாது." நிலாவை இப்போது விட்டுவிட்டார். செவ்வாய்க்குப் போயிருக்கிறார். அங்கே தண்ணீர் இன்னும் ஆழத்தில் இருக்கிறதாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இப்படி ஒருவர் உங்கள் அடுக்ககத்திலும் இருக்கிறார், மாடி எண்கூடச் சொல்வேன் என்கிறீர்கள். இருப்பார். நிச்சயமாக அது நீங்கள் இல்லை. ரோவர் இறங்கிய அன்று நீங்கள் டிவி முன்னால் எழுந்து நின்றது வேறு விஷயம், 'நாம' என்று சொன்னதும் வேறு விஷயம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தலைப்பில் நிலா என்று இருந்ததால்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்? சம்ப் என்று போட்டிருந்தால் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.

அது கிடக்கட்டும். உட்காருவதற்கு முன்னால் போகிற போக்கில் ஒரு ஸ்விட்சைத் தட்டிவிட்டு வந்தீர்களே. உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறதா என்று எழுந்துபோய்ப் பாருங்கள்.